காவேரிப் பாலத்தில் பறந்த ஜார்ஜ் கோட்டை

ஐம்பதுகளில் நான் திருச்சியில் நாடக சீன் வரையும் பட்டறையில் பெயிண்டர். சுதந்திர தின ஊர்வலத்துக்கு லாரி மேல் சென்னை ஜார்ஜ் கோட்டையைக் கட்டித் தரவேண்டும் என்று விழாக் கமிட்டி செயலாளர் வந்து நின்றார்.

"கடலோரத்துல அந்தக் கோட்டையிலேர்ந்துதாங்க வெள்ளைக்காரன் நம்மளை ஆண்டான். இன்னிக்கு அதுமேல நம்ம கொடி பறக்குது. ஸ்ரீரங்கத்து ஜனங்க அதைக் கண்ணால பாக்கணும்."

நான் கோட்டையையும் பார்த்ததில்லை, கடலையும் பார்த்ததில்லை. முதலாளி கோவிந்தராஜு ஒரு காலண்டர் படத்தைக் கொடுத்தார். மூங்கில் சட்டம் கட்டி, கித்தான் போர்த்தி, வெள்ளைச் சுவர் எழுப்பினேன். சக்கரம் மறைய நீல அலைகள் வரைந்தேன். கொடிக்கம்பத்தை லாரியில் போல்ட் போட்டு முடுக்கினோம். அதைப் பிடித்துக்கொண்டு கோட்டைக்குள் நிற்கும் வேலையும் எனக்குத்தான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று கிழிந்த பனியனோடு ஏறிவிட்டேன்.

காவேரிப் பாலத்தின் நடுவில் ஆடிக் காற்று பிடித்துக்கொண்டது. முதலில் மேற்குச் சுவர் கிழிந்தது. உள்ளே புகுந்த காற்றில் மற்ற மூன்று சுவர்களும் பாய் போல உப்பி, கயிறுகளை அறுத்துக்கொண்டு, பாலத்தின் கைப்பிடியைத் தாண்டி வெள்ளத்தில் போய் விழுந்தன. நான் கண்ணை மூடிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டேன்.

ஊர்வலம் அப்படியே நின்றது. கோட்டை கிழக்கே மிதந்து போனது. கூட்டத்தில் ஒரு பெண் கத்தினாள்: "பாருங்கடி, வெள்ளைக்காரன் கோட்டை விட்டுட்டான்!"

பாலமே சிரித்தது. "ஐயோ, என் கித்தான்!" என்று முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். செயலாளர் முகம் வெளுத்திருந்தது.

"திரும்பிடலாமாங்க?" என்றார் முதலாளி.

செயலாளர் மேலே பார்த்தார். கொடி படபடவென்று பறந்துகொண்டிருந்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கொடி நிக்குதுல்ல? வண்டிய எடுங்க!"

ஸ்ரீரங்கத்தில் மைக்கைப் பிடித்தவர் முழங்கினார்: "கோட்டையைக் காவேரியே கடலுக்குக் கொண்டுபோயிட்டா! கொடி நம்ம கையில இருக்கு!" கைதட்டல் அடங்கவேயில்லை. முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் என் கிழிந்த பனியனைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"எத்தனை வருஷம் ஜெயில்ல இருந்தேள்?"

"நான் பெயிண்டருங்க."

நாதஸ்வரச் சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை. மாலை என் கழுத்தில் விழுந்தது. இன்னும் நாலு மாலை வந்தது. நானும் கும்பிட்டுக்கொண்டே நின்றேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். கித்தானில் எதைக் கட்டினாலும் காற்றுப் போக அங்கங்கே பிறை வடிவில் வெட்டிவிடுங்கள். உள்ளே மறைந்து நிற்கிற வேலையானாலும் நல்ல சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.