புன்னைக்காயலில் ஒரு பங்கு

காலை ஆறரை மணிக்குத் தூத்துக்குடியில் பஸ் ஏறினோம். 1976, மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. திருச்செந்தூர் போகும் வண்டி. ஆத்தூர் வரை பதினான்கு மைலுக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு. நான் அந்தக் கரையோர ஊர்களுக்குக் கிராம சேவிகா. என்னோடு வந்தவர் தாலுகா ஆபீஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. என்போம், சாத்தான்குளத்துக்காரர். முந்தின நாள் தூத்துக்குடிக்கு ஒரு கூட்டத்துக்கு வந்தவரை, நழுவ விடாமல் மடக்கிப் பிடித்திருந்தேன். மூன்று வாரமாக நான் எழுதிக் கொடுத்த மனு அவர் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்கு மேல் தூங்கினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

மனு புன்னைக்காயல் சலேத்தம்மாளுடையது. புருஷன் கடலில் போய் மூன்று வருஷம். ஒரே மகள் ஜசிந்தா, பதினேழு வயது, எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். பாளையங்கோட்டையில் அரசாங்கச் செவிலியர் பயிற்சிக்கு அழைப்பு வந்திருந்தது. தங்க இடமும் மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. ஆனால் 'ஆதரவற்ற விதவையின் மகள்' என்று வெள்ளிக்கிழமைக்குள் சான்று வைத்தால்தான் இடம் உறுதி. அந்தச் சான்றுக்கு ஆர்.ஐ. ஊருக்கு வந்து விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

முள்ளக்காடு தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். பழையகாயல், முக்காணி, பிறகு ஆற்றுப் பாலம். பாலத்தைத் தாண்டினால் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஏழரைக்கு ஆத்தூரில் இறங்கினோம். புன்னைக்காயலுக்கு வேறு வண்டி தயாராக நின்றது. ஆர்.ஐ. மட்டும், ஆத்தூருக்கு வந்துவிட்டு வெற்றிலை வாங்காமல் போவதா என்று ஒரு கவுளிக் கட்டை ஒவ்வொரு இலையாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போனவர்கூட அத்தனை நேரம் பார்த்திருக்க மாட்டார். வண்டி போய்விட்டது. அடுத்தது மத்தியானம்தான் என்றார் கடைக்கார அண்ணாச்சி.

நடந்தோம். நாலு மைல். எனக்கு வந்த ஆத்திரத்தில் முதல் மைலுக்கு வாயே திறக்கவில்லை. சேர்ந்தபூமங்கலம் தாண்டியதும் மண் வெளுத்து, காற்றில் உப்பு ஏறியது. அவரே தணிவாகப் பேச்சுக் கொடுத்தார். விதிப்படி எல்லாம் இருந்தால் இன்றைக்கே கையெழுத்து என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் விதி என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் வரிசையில் நில் என்பார்.

ஒன்பதரைக்கு ஊருக்குள் நுழைந்தோம். கோயிலைத் தாண்டி, வலை காயும் மணலில் மூன்றாவது வீடு. சலேத்தம்மாள் வாசலில் பாய் விரித்து வைத்திருந்தாள். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இரண்டு தடவை வந்து சொல்லிக் கொடுத்திருந்தேன். சொத்து இல்லை. அண்ணன் தம்பி இல்லை. சம்பாதிக்கும் ஆண் இல்லை. அச்சடித்தாற்போல் பதில் சொன்னாள். ஆர்.ஐ. பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில், ஊரில் உங்களைக் காப்பாற்றுவோர் யாரும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள் அவள், தலையைக் குனிந்தபடி.

அங்கேதான் கெட்டது காரியம். வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த கஸ்பார் சம்மாட்டிக்கு முகம் சிவந்துவிட்டது. சலேத்தம்மாள் புருஷன் வேலை பார்த்த வள்ளத்தின் சொந்தக்காரர் அவர். வயதாகிவிட்டதால் தாம் கடலுக்குப் போவதில்லை. நேரே ஆர்.ஐ. முன்னால் வந்து நின்றார்.

"யாருமில்லேன்னு எழுதாதீங்க ஐயா. எங்க ஊர்ல கடல்ல போனவன் வீட்டுல அடுப்பு அணைஞ்சதா வரலாறே கெடையாது. மூணு வருசமா ஒரு நாள் தப்பாம இவளுக்குப் பங்கு கெடக்கு."

ஆர்.ஐ. நிதானமாக விவரம் கேட்டார். வள்ளம் கரைக்கு வந்ததும் மீனைப் பங்கு பிரிக்கும்போது இவளுக்கும் ஒரு குவியல் மணலில் போடுவார்களாம். யாரும் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை. கொடுத்தால் அது தர்மம் ஆகிவிடும். இவளே வந்து அள்ளிக்கொள்ள வேண்டும். பின்னாலேயே இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கூரை மேய்ந்தது நாங்கள் என்றார் ஒருவர். பிள்ளை பள்ளிக்கூடத்துப் புத்தகம் எங்கள் செலவு என்றார் இன்னொருவர். ஊரே தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நானோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லிக் கொடுத்த கழுதை, ஊருக்குச் சொல்ல மறந்துபோனேனே!

ஆர்.ஐ. மூடியைத் திருகிப் பேனாவைப் பைக்குள் வைத்தார். பங்கு என்றால் வருமானம், வருமானம் உள்ளவர் ஆதரவற்றவர் அல்ல, என்னால் எழுத முடியாது என்றார். ஜசிந்தா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழைப்புக் கடிதம் அவள் கையில் இருந்தது. தம் பேச்சால் பிள்ளையின் படிப்பே போகிறது என்பது அப்போதுதான் கஸ்பாருக்குப் புரிந்தது. பாயில் உட்காரச் சொன்னேன், அவர் உட்காரவில்லை.

நான் விடவில்லை. வழி சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டேன். ஆர்.ஐ. வெகுநேரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரே வழிதான் இருக்கிறது என்றார். ஊரார் இடும் பிச்சையில் பிழைப்பவர் ஆதரவற்றவரே. அப்படி எழுதி, சலேத்தம்மாள் கையெழுத்துப் போட்டு, கஸ்பார் சாட்சி போட்டால் சான்று தருவேன் என்றார்.

கஸ்பார் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிச்சை என்ற அந்த வார்த்தைதான் அவரைச் சுட்டது. சலேத்தம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"எழுதுங்கய்யா. பிள்ளை படிச்சு வரட்டும். ஆனா மாமா, இதுல கையெழுத்துப் போட்ட பொறவு பங்கு எடுக்க எனக்குக் கை வராது."

"கவர்மெண்டு என்னத்தையும் எழுதட்டும், ஏளா. பங்கு மணல்ல கெடக்கும். எடுக்கதும் விடுததும் ஒன் இஷ்டம்," என்றார் கஸ்பார்.

என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று ஆர்.ஐ. தாளை என்னிடம் தள்ளினார். எழுதினேன். சலேத்தம்மாள் கையெழுத்துப் போட்டாள். கஸ்பார் தம் முழுப் பெயரையும், ஞானஸ்நானப் பெயரிலிருந்து வீட்டுப் பெயர் வரை, ஓர் எழுத்தும் விடாமல் போட்டார். ஆர்.ஐ. அங்கேயே சான்றில் கையொப்பமிட்டு முத்திரையும் குத்திவிட்டார். ஜசிந்தாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், நான் எழுதிய அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்கு வள்ளங்கள் கரை சேர்ந்தன. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் நாங்களும் கரைக்குப் போனோம். அன்று சாளையும் கொஞ்சம் பாரையும். கஸ்பார் வள்ளத்து மீனைக் குவியல் குவியலாகப் பிரித்தார்கள். ஆட்கள் அவரவர் குவியலை அள்ளிக்கொண்டு நகர்ந்தார்கள். ஒன்று மட்டும் மிஞ்சிக் கிடந்தது. சலேத்தம்மாள் கூடையை இடுப்பில் வைத்தபடி பத்தடி தள்ளி நின்றாள். நின்றாளே தவிர, கால் எழவில்லை. காக்கைகளைத் துரத்த ஒருவர் துண்டை வீசினார். அவரும் குவியலைத் தொடவில்லை.

ஜசிந்தா வந்தாள். அம்மாவின் இடுப்பிலிருந்து கூடையை வாங்கினாள். மணலில் குந்தி, ஒரு சாளைகூட விடாமல் பொறுக்கிப் போட்டாள். எழுந்து அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"யாரு போட்ட பிச்சையும் இல்லம்மா. இது எங்க அப்பா பங்கு."

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சலேத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். கஸ்பார் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பன்னிரண்டரைக்குப் பஸ் புறப்பட்டது. ஆர்.ஐ. வெற்றிலையை மடித்து எனக்கும் ஒன்று நீட்டினார். வேண்டாம் என்றேன்.

நான் நாசரேத்துக்காரி. என் அப்பாவும் எனக்குச் சின்ன வயதாக இருக்கும்போதே போய்விட்டார். எங்கள் சபையில் ஏழைகள் நிதி உண்டு. மாதத்தின் முதல் திங்கட்கிழமை கொடுப்பார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில்தான் படித்தேன், இந்த வேலைக்கும் வந்தேன். அம்மா கை நீட்டி வாங்கும்போது பள்ளிக்கூடத்துத் தோழிகள் பார்த்துவிடக் கூடாதென்று நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஒரு மாதமாவது நான் அம்மா பக்கத்தில் வந்து நின்றதில்லை. ஜசிந்தாவுக்குப் பதினேழு வயது. எனக்கும் ஒளிந்து நின்ற அந்த நாட்களில் ஏறக்குறைய அதே வயதுதான்.