மலையாற்றுக்கு எறிந்த மஞ்சள்

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஆவுடையார்கோவில் பக்கம், வெள்ளாற்றங்கரையில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். ஆற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் இருந்தேன்.

எங்கள் ஆறு வருடத்தில் பாதிக்குமேல் மணல்தான். அகலமாக, மட்டமாகக் கிடக்கும். மழைக்காலத்தில் புதுத்தண்ணீர் வருகிறது என்றால் ஊரே உள்ளே இறங்கி நிற்கும். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, மணல் குடித்தது போக மீதி, மெல்ல ஊர்ந்து வரும். அது காலைத் தொட்டபிறகுதான் மஞ்சள் போட்டுக் கும்பிட்டுக் கரையேறுவோம். முன்னால் ஏறினால் ஆற்றுக்கு மரியாதை இல்லை.

கடைசி மகளை மேற்கே மலையில் தேயிலைத் தோட்டத்து வேலைக்காரருக்குக் கொடுத்திருக்கிறோம். போன வருடம் அங்கே போனேன். வீட்டுக்குக் கீழே காட்டாறு. உச்சிப் புல்வெளியில் ஊறி, சோலைக்குள் இருட்டில் நுழைந்து, பாறை பாறையாகக் குதித்து இறங்குகிறது. மணலே கிடையாது. எல்லாம் உருண்டைக் கல். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு போய் நடுப்பாறையில் உட்கார்ந்தேன்.

“இம்புட்டுத்தானா? எங்கூரு வாய்க்கா இதவிடப் பெருசு” என்றேன். அவள் சிரித்தாள்.

நல்ல வெயில். திடீரென்று தண்ணீர் டீ நிறமானது. சருகு மிதந்து வந்தது. புதுத்தண்ணீர்! உடம்பு சிலிர்த்தது. புது ஆற்றைப் பார்க்கப் போகிறோமே என்று முந்தானையில் முடிந்து வந்த மஞ்சளை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

கரையிலிருந்து மகள் கத்தினாள்: “ஆத்தா, ஏறு! மேல மழ பேயுது!”

“இருடி, காலத் தொடட்டும்.”

“காலத் தொடாது, ஆளத் தூக்கிரும்!”

பேத்தி கையை இழுத்தாள். “வாங்க அம்மாச்சி. நீங்க வராம நான் போமாட்டேன்.”

அப்போதுதான் உறைத்தது. நான் நின்றால் அவளும் நிற்பாள். கல்லைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். கரையேறித் திரும்பினால் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம், வெறும் நுரை. மலைச்சரிவில் தண்ணீரைக் குடிக்க மணல் இல்லை. மேலே பெய்தது அத்தனையும் ஒரே மூச்சில் வருகிறது.

மகள் அழுதுகொண்டே திட்டினாள். நான் கரையில் நின்றபடி மஞ்சளை எறிந்து கும்பிட்டேன். மரியாதையை விடவில்லை.

அந்தப் பேத்தி இப்போது லீவுக்கு அம்மாவோடு இங்கே வந்திருக்கிறாள். எழுத்துக்கூட்டி எழுதிய இதை அவளிடம் நீட்டுகிறேன். “படி ஆத்தா, கேப்போம். ஒன்னய நடுப்பாறையில நிக்க வச்ச எடத்த மட்டும் சத்தமில்லாமப் படி. ஒங்கம்மா அடுப்படியிலதான் இருக்கா.”