அக்கா இருக்கிற கடற்கரை

போன வருடம் மாசி மாதம், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பயண முகவர் கடையில் நடந்தது இது.

பாரிஸில் இருக்கும் என் அக்காவுக்கு அப்போதுதான் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்திருந்தது. பார்க்க வருகிறவர்களின் இரக்கமான முகங்களே அவளைக் களைக்கவைத்தன. “வீட்டை வராதை. நாங்கள் ரெண்டு பேரும் எங்கையாவது கடற்கரையில போய் இருப்பம்” என்று போனில் சொன்னாள். டொமினிக்கன் குடியரசில் ஒரு ஹோட்டலைத் தெரிவு செய்தோம். அவள் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் விமானம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்ந்த பாக்கேஜ் வாங்கினோம்.

புறப்படச் சில நாட்களே இருக்கையில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்த ஹோட்டலில் எனக்கு அறை இல்லையாம், வேறொன்றில் போட்டிருக்கிறார்களாம். வரைபடத்தைப் பார்த்தேன். அக்கா கிழக்குக் கரையில், நான் வடக்குக் கரையில். நடுவில் அரை நாள் பஸ் ஓட்டம்.

பாக்கேஜ் வாங்கிய முகவர் கடைக்கு ஓடினேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் முகவர்த் தம்பி பொறுமையாகத்தான் பேசினார். “அக்கா, இது முந்தினதைவிடத் திறமான ஹோட்டல். பாக்கேஜ் போடுற கொம்பனி மாத்தினதுக்கு நான் என்ன செய்யிறது? ஓம் எண்டால் உடனை கன்ஃபோம் பண்ணிவிடுறன்.”

நான் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அகதியாக வந்த நாளிலிருந்து, தந்ததை வாங்கி நன்றி சொல்லியே பழகியவள் நான். ஆனால் அக்காவுக்கு இதை எப்படிச் சொல்வேன் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

பக்கத்துக் கதிரையில், மக்காவுக்கு உம்ராப் பயணம் பதிய வந்து காத்திருந்த, முக்காடு போட்ட ஒரு பெண் என் பக்கம் திரும்பினார்.

“குறை நினைக்காதீங்க தங்கச்சி, எங்களுக்கும் ஒருக்கா இப்பிடித்தான் மாத்தினாங்க. முக்கியமான மாற்றமெண்டா நீங்க ஓம் சொல்லத் தேவையில்ல. முழுக் காசையும் திருப்பிக் கேக்கலாம். இல்லாட்டி உங்களுக்குச் சரிவாற மாதிரி, சமமான வேற இடம் கேக்கலாம். இங்க அதுக்குச் சட்டம் இருக்கு.”

தம்பி மறுக்கவில்லை. “அன்ரி சொல்லுறது சரிதான். காசைத் திருப்பி எடுக்கிறது லேசு. எதைக் கேக்க, அக்கா?”

“காசு வேண்டாம். என்ரை அக்கா இருக்கிற கடற்கரை வேணும்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவளுடைய நோயைப் பற்றியும் சொன்னேன்.

தம்பி அங்கேயே கொம்பனிக்குப் போன் எடுத்தார். காத்திருக்க வைத்தார்கள், வேறு ஆளிடம் மாற்றினார்கள், முதலில் முடியாது என்றார்கள். அவரும் விடவில்லை. தன் முறை வந்தபோதும், “அவங்கட அலுவல முதல்ல முடிங்க” என்று அந்தப் பெண் விட்டுக்கொடுத்தார்.

திங்கட்கிழமை பதில் வந்தது. அக்காவின் ஹோட்டலில் இடமில்லை. அதற்குப் பக்கத்து ஹோட்டலில், அதே விலைக்கு ஓர் அறை.

அங்கே போன பிறகு, தினமும் காலையில் எழும்பி மணலில் நடந்தே அவளிடம் போய்விடுவேன். அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்த தலைமயிரில் வெயில் பட, தொப்பி போடாமல் உட்கார்ந்திருப்பாள். நோயைப் பற்றி அதிகம் பேசவில்லை. பிள்ளைகளைப் பற்றியும் கலியாணத்துக்கு முந்தின எங்கள் சண்டைகளைப் பற்றியும் பேசி வயிறு நோகச் சிரித்தோம்.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்க மறந்துவிட்டேன். ஆனால் ‘இது எனக்குச் சரிவராது’ என்று மரியாதையாகச் சொல்ல அவரிடம்தான் படித்தேன், அக்காவோடு இருந்த அந்த வாரத்தை நான் வாய் திறந்து கேட்டு வாங்கினேன் என்பது இன்றைக்கும் எனக்கொரு சின்னப் பெருமை.