கார்ட் மெஷின் படுத்த சனிக்கிழமை

1. லைன் இல்லை

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு எங்கள் கடையின் கார்ட் மெஷின் படுத்துவிட்டது. பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் சனம் கூடும் லா சப்பலில் இருக்கும் பலசரக்குக் கடை அது. அங்கே இருபத்திரண்டு வருடம் கெஸ்ஸில், அதாவது கல்லாவில், வேலை செய்தேன். ஓய்வு பெற்று ஒரு வருடமாகிறது. இப்போது கெஸ்ஸில் நிற்கும் பிள்ளைகளுக்கு உதவலாம் என்று இதை எழுதுகிறேன்.

மெஷினில் ஒரு பிழையும் இல்லை. தெருவில் குழி தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். முதலாளி கனகு அண்ணை ஓடிப்போய் அவர்களைக் கேட்டுவிட்டு மூச்சு வாங்க வந்தார்.

"திங்கக்கிழமைதான் திருத்துவினமாம்."

"சனத்தை பாங்க் மெஷினிலை காசு எடுத்துக்கொண்டு வரச் சொல்லுவம் அண்ணை."

"அங்கை லைன் மெட்ரோ வாசல் வரைக்கும் நிக்குது. எங்களுக்கு வர முதல் காசு முடிஞ்சிடும்."

சொன்னபடியே பன்னிரண்டுக்குள் அது காலியாகிவிட்டது. எங்கள் கடையிலோ அன்று விடியற்காலை விமானத்தில் வந்த முருங்கைக்காயும் கத்தரிக்காயும் வாழையிலையும் கூரை வரை இருந்தன. திங்கட்கிழமை வரை அவை தாங்காது. ஸ்தேன், பியர்ஃபித் போன்ற புறநகர்களிலிருந்து ரயிலேறி வந்த சனம் நிறைந்த கூடைகளோடு வாசல் வரை நின்றது. ஒருவர் கையிலும் காசில்லை. எல்லாரும் கார்டை மட்டும் நம்பி வந்தவர்கள்.

"இவ்வளவு முருங்கைக்காயையும் நான் ஒருத்தன் தின்னேலாது தங்கச்சி," என்றார் கனகு அண்ணை.

2. மதாம் ஒதெத்

எங்கள் கடைக்கு எதிர்வீட்டு மாடியில் மதாம் ஒதெத் என்ற பிரெஞ்சு அம்மா இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. சனிக்கிழமைகளில் வந்து ஒரு துண்டு இஞ்சியும் ஒரு கட்டு கொத்தமல்லியும் வாங்குவார். அதற்கும் செக் எழுதுவார். சொந்தப் பேனா, சொந்தக் கண்ணாடி, ஒவ்வொரு எழுத்தும் அச்சு மாதிரி. பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

கனகு அண்ணைக்குச் செக் என்றாலே பிடிக்காது. ஒவ்வொன்றின் முதுகிலும் கையெழுத்து வைக்க வேண்டும், சீட்டு நிரப்ப வேண்டும், பாங்க்கில் போய் நிற்க வேண்டும். ஒருநாள் "செக் எடுக்கமாட்டோம்" என்று பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதி கெஸ்ஸுக்கு மேலே ஒட்டிவிட்டார். என்னிடம் தனியாகவும் சொன்னார்: "இனி ஒரு செக் எடுத்தாலும் நீர்தான் பாங்க்குக்குப் போகவேணும்." அதன்பிறகு மதாம் சில்லறை எண்ணித் தருவார். ஆனால் செக் புத்தகத்தையும் எடுத்து மேசையில் வைப்பார். நாங்கள் பார்க்க வேண்டுமாம்.

அன்று அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, செத்துக் கிடந்த மெஷினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்தார்.

"இன்றைக்குமா எடுக்கமாட்டீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

நான் முதலாளியைக் கேட்கவில்லை. "எழுதுங்கள் மதாம்," என்றேன்.

பின்னால் நின்ற பெண் உடனே கேட்டார்: "அப்ப எங்கட செக்கையும் எடுப்பியளோ அக்கா? டொக்டருக்குக் குடுக்கிற புத்தகம் ஒண்டு பையுக்குள்ளை கிடக்கு."

பார்த்தால் பாதிப்பேரின் பையில் புத்தகம் இருந்தது. டாக்டருக்கோ பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டுக்கோ கட்ட வைத்திருந்தவை. கனகு அண்ணை ஸ்டூலில் ஏறித் தன் அறிவித்தலைத் தானே கிழித்தார்.

3. நாலு எழுத்து

செக்குக்குக் குறைவில்லை. எழுதத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. தொகையை இலக்கத்தில் எழுதினால் போதாது, பிரெஞ்சு எழுத்திலும் எழுத வேண்டும். பிரெஞ்சில் தொண்ணூற்றேழு என்றால் 'நாலு இருபது பத்து ஏழு' என்று வரும். ஒருவர் அதில் மூன்று செக்கைப் பழுதாக்கிவிட்டுக் கத்தினார்.

"தொண்ணூறுக்கு ஒரு சொல்லு வைக்க இவங்களுக்கு என்ன கஷ்டம்?"

"எங்கட தொண்ணூறுக்குள்ளை நூறு ஏன் வந்தது எண்டு நீங்கள் முதல் சொல்லுங்கோ," என்றார் பின்னால் நின்றவர். அதில் லைன் ஐந்து நிமிடம் நின்றது.

மதாம் ஒதெத் உடனே வீட்டுக்குப் போகவில்லை. வெங்காய மூட்டையில் உட்கார்ந்து, எழுதிய செக்குகளை வாங்கி, வாய்விட்டு வாசித்துத் திருத்தத் தொடங்கினார். எண்பதுக்குச் சொல்லின் கடைசியில் வால் எழுத்து ஒன்று உண்டாம், எண்பத்தொன்றுக்கு இல்லையாம். வாலை விட்டவர்களைத் திரும்ப எழுத வைத்தார். இரண்டு பிள்ளை பெற்ற ஆண்கள் கைகட்டி நின்றார்கள். ஒரு அம்மா பெறுபவர் பெயர் இருக்கும் இடத்தில் தமிழில் "அண்ணை" என்று எழுதியிருந்தார். அதை நான் கிழித்தேன்.

சனம் கெதியில் வழி கண்டுபிடித்தது. தொகை எழுதக் கஷ்டமாக வந்தால் சாமானைக் கூட்டிக் குறைத்தார்கள்.

"அக்கா, எழுபத்தேழு எழுத ஏலாது. தேங்காயையும் அரிசியையும் எடுத்துப்போட்டு அறுபதாக்குங்கோ."

கனகு அண்ணை திரும்பி வந்த சாமான்களைப் பார்த்தார். யோசித்துவிட்டு லைன் முழுக்க நடந்து சொன்னார்: "நூறுக்கு வாங்குங்கோ. பிரெஞ்சிலை நூறுக்கு நாலே நாலு எழுத்து."

அவ்வளவுதான். அறுபதில் நின்றவர்கள் எல்லாரும் நூறுக்கு ஏறினார்கள். எழுத்துப் பிழைக்குப் பயந்து ஒருவர் முழுப் பூசணிக்காய் வாங்கிப் போனார். பின்னேரம் நான்கு மணிக்கு முருங்கைக்காய்ப் பெட்டி வெறுமையாக இருந்தது.

4. நாற்பது

திங்கட்கிழமை செக்குகளின் முதுகில் கையெழுத்து வைத்து வைத்துக் கனகு அண்ணையின் கை வீங்கியது. வியாழக்கிழமை காலை பாங்க் விபரத்தைப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒருத்தன் நானூறு யூரோவுக்கு என்ன வாங்கினவன்?"

பாங்க்குக்குக் கொடுக்க முதல் இரண்டு பக்கமும் எடுத்து வைத்த போட்டோக் கொப்பியைப் பார்த்தேன். இலக்கத்தில் நாற்பது. எழுத்தில் நானூறு. பிரெஞ்சில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். மதாம் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் நான் இலக்கத்தை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பாங்க் எழுத்தைத்தான் நம்பும். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பிழை விட்டதில்லை.

செக்கின் பின்னால் தொலைபேசி இலக்கம் இருந்தது. ரூபன். லெ பிளாங்-மெனிலில் வீடு, பக்கத்துத் தெரு ரெஸ்ரோறண்டில் சமையல். பத்து நிமிடத்தில் ஏப்ரனோடு வந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டு அப்படியே அரிசி மூட்டையில் உட்கார்ந்தார்.

"அதுதானோ," என்றார்.

"என்னது?"

"ரெண்டு நாளா மனிசி என்னோட நல்ல மாதிரி. நேற்று ஆட்டிறைச்சி காச்சினவ. கால் நோகுதோ எண்டு கேட்டவ. எனக்கு விளங்கேல்லை. அக்கா, அவ போனிலை எங்கட கணக்கு பாக்கிறவ."

எனக்கு விளங்கியது. கார்டில் கட்டினால் கணக்கில் கடையின் பெயர் வரும். செக் என்றால் ஒரு நம்பரும் தொகையும் மட்டும்தான். தீபாவளிக்கு முதல் கிழமை, கணவன் ஒருவருக்கும் சொல்லாமல் நானூறு யூரோவுக்குச் செக் எழுதினால் எந்த மனைவியும் என்ன நினைப்பாள்?

"நகை எண்டு நினைச்சிருக்கிறா," என்றேன்.

"நாளைக்குத் தீபாவளி," என்றார் ரூபன்.

கனகு அண்ணை செக் புத்தகத்தைத் தேடினார். "மிச்சம் முந்நூற்றறுபதையும் இப்பவே எழுதித் தாறன்."

"செக் வேண்டாம் அண்ணை. அது கணக்கிலை விழும், அவ பாப்பா. காசா தாங்கோ. நான் காசு குடுத்துத் தோடு வாங்கிறன். ஒருத்தருக்கும் தெரியாது."

அவருக்கு எந்தத் தோடு நல்லது என்றும் தெரியாது. நான் கெஸ்ஸை மூடிவிட்டு இரண்டு கடை தள்ளியிருந்த நகைக்கடைக்குக் கூடப் போனேன். சின்னப் பூத்தோடு ஒன்று எடுத்தோம். நகைக்கடைக்காரர் கேட்டார்: "கார்டோ, செக்கோ?"

ரூபன் கையெடுத்துக் கும்பிட்டார். "காசு."

5. ரசீது

அடுத்த சனிக்கிழமை மெஷின் வேலை செய்தது. ஒரு பெண் கூடையோடு வந்து காதிலிருந்த பூத்தோட்டைக் காட்டினார்.

"வடிவோ அக்கா? நீங்கள்தான் எடுத்தனீங்களாம்."

"நல்ல வடிவு," என்றேன். வேறு எதையும் சொல்லிவிடக் கூடாதே என்று அரிசியை வேகமாக ஸ்கான் செய்தேன்.

அவர் குனிந்து மெல்லச் சொன்னார்: "போன சனிக்கிழமை சாமான் பையுக்குள்ளை உங்கட ரசீது கிடந்தது அக்கா. நாப்பது, செக் எண்டு. செக் புத்தகத்தின்ர அடிக்கட்டையிலையும் நாப்பது. கணக்கிலை நானூறு. இருபது வருசமா அவருக்கு நான்தானே எல்லாம் எழுதிக் குடுக்கிறனான். பிழை விட்டிட்டார் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் ஆட்டிறைச்சி காச்சினனீங்கள்?"

"காச்சினா என்ன வருதெண்டு பாப்பம் எண்டுதான்," என்று சொல்லிவிட்டு கார்டை மெஷினில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

கெஸ்ஸில் நிற்கும் பிள்ளைகளே, செக் வந்தால் இலக்கத்தைப் பார்க்க முதல் எழுத்தை வாசியுங்கள். மதாம் ஒதெத் மாதிரி வாய்விட்டு வாசியுங்கள். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விட்டால் விடட்டும்.