செய்பவன் யாருமில்லை

1991இல் மறைமலை நகரில் இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலையில் இருந்தேன். அப்பா இறந்த வருடம் அது. மனம் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடியது. எங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஞாயிறு காலைகளில் தன் வீட்டு மாடியில் வேதாந்த வகுப்பு நடத்துகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஆளுக்கு நல்ல குரல். உடம்பு நீயல்ல, மனமும் நீயல்ல, இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சியே நீ; எதையும் செய்பவன் நீயல்ல; இதை அறிந்த கணமே விடுதலை என்பார். சுலோகம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, அந்த விடுதலை தனக்கு எப்போதோ கிடைத்துவிட்டதுபோல ஒரு புன்னகை. அவர் மனைவி காபி கொண்டுவந்து நிற்பார். நம் ஜீவன்முக்தர் கண் திறக்காமலே வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்று நீட்டுவார்.

பிரஸ்ஸுக்குள் கை போகாதபடி முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அதனால் வேலை தாமதமாகிறது என்று ஒருநாள் சூப்பர்வைசர் அதைக் கழற்றச் சொன்னார். வடக்குப்பட்டிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த ஆபரேட்டர் தயங்கினான்.

"வேணா சார், கை மாட்டிக்கும்."

"மாட்டாது. நான் சொல்றேன்ல, கழட்டு."

பக்கத்து மேசையில் அளவு பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. அந்த வாரமே அவனுடைய வலது ஆள்காட்டி விரல் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு அவரோடு நானும் போனேன். கட்டிலருகே நின்று, வகுப்பில் பேசும் அதே குரலில் ஆரம்பித்தார்.

"போனது சதைதாம்பா. அதைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகலே."

அவன் அவரையே பார்த்தான். "எனுக்கு வலிக்கிது சார். ஊசி போடச் சொல்லுங்க."

நான்தான் போய் நர்ஸை அழைத்துவந்தேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணையில் மேனேஜர் முன்னால் அவர் சொன்னது: "ஆபரேட்டரோட அஜாக்கிரதை சார். தடுப்பை அவனே கழட்டியிருக்கான்." ஞாயிற்றுக்கிழமை எவனும் எதையும் செய்பவனல்ல, செவ்வாய்க்கிழமை செய்தவன் ஒருவன் அகப்பட்டுவிட்டான். இந்த மனிதரின் காலடியில் கண்மூடி உட்கார்ந்திருந்தேனே!

"கழட்டச் சொன்னது இவர்தான் சார். நான் கேட்டேன்" என்றேன்.

தடுப்பு திரும்ப வந்தது. ஆபரேட்டரை ஸ்டோர்ஸில் போட்டார்கள். சூப்பர்வைசரை வேறு ஷெட்டுக்கு மாற்றினார்கள். வகுப்பு மட்டும் நிற்கவில்லை. நான் பக்குவமில்லாத சீவன் என்று அங்கே பேசிக்கொண்டார்களாம். அந்தப் போதனை பொய் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அது போய் ஒளிந்துகொள்ளும் இடமல்ல, அவ்வளவுதான்.

சில மாதங்கள் கழித்து பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"உன் மேல எனக்கு வருத்தமே இல்லேப்பா. நீ ஒரு கருவி. எல்லாம் அவன் செயல்."

"இல்ல சார், அதை நான்தான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.