எண்ணெய் முழுக்கும் பந்தயத் தொப்பியும்

என் கணவருக்குச் சைக்கிள் பந்தயம் என்றால் உயிர். போன முறை பந்தயத்தில் ஒருவர் கோப்பாய் வீதியில் விழுந்து மண்டை உடைந்ததைப் பார்த்த பிறகு, இவருக்கு ஒரு காப்புத் தொப்பி தைக்காமல் எனக்கு நித்திரை வரவில்லை.

தோலுக்குள் இலவம் பஞ்சை இறுக்கி அடைத்துத் தைத்தேன். சைக்கிளில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தவர், "அடுப்பைத் தலையிலை வைச்ச மாதிரிக் கிடக்கு. வேர்வை கண்ணுக்குள்ளை இறங்குது" என்று கழற்றி எறிந்தார். கோபம் வந்தாலும் பிரித்தேன். காய்ந்த பீர்க்கங்காய் நாரைச் சுருட்டி, காற்றுப் போக இடைவெளி விட்டு வைத்து, தலைக்கு அளவாகத் தைத்தேன்.

"இப்ப நல்ல காத்தோட்டமாக் கிடக்கு" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. நல்லெண்ணெய் வைத்து முழுகியவர் தொப்பியோடு புறப்பட்டார். "முழுகின தலையோடை வெயிலுக்குப் போறியளோ?" என்று மட்டும்தான் கேட்டேன். எண்ணெய்த் தலையில் தொப்பி நிற்குமா என்று யோசிக்கவில்லை. மதகடியில் அது வழுக்கிக் கண்ணை மூட, மதகுச் சுவரில் நெற்றி மோத விழுந்துவிட்டார்.

கேள்விப்பட்டு ஓடினேன். தொப்பியின் தோல் கிழிந்து நார் நசுங்கியிருந்தது. நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் சிரித்தார்.

"விழுத்தினதும் உம்மடை தொப்பி, காப்பாத்தினதும் உம்மடை தொப்பி. நான் ஆரோடை கோவிக்கிறது?"

இப்போது தொப்பியின் பின்புறம் துளையிட்டு, சப்பாத்துக் கயிறு கோத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் நானே இழுத்து முடிந்து, இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். தலையும் சேர்ந்து ஆடினால்தான் சைக்கிள் வாசல் படலையைத் தாண்டும்.