அக்காவும் நான் பின்னிய மிதியடிகளும்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன் கட்டில் காலைச் சுற்றியே கால் துடைக்கும் மிதியடி ஒன்றைப் பின்னித் தைத்து முடித்துவிட்டு, அதை எப்படி வெளியே எடுப்பது என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்திருந்தான். அந்தக் கட்டிலில் படுத்திருந்தவர் எங்கள் அக்கா. தரையில் இருந்தவன் நான். அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற நாளில் உறவினர் கையில் கொடுக்கும் நினைவு மலரை இப்படியா ஆரம்பிப்பது என்று என் மனைவி கேட்டாள். அக்கா இருந்திருந்தால் இதைத்தான் முதலில் சொல்லிச் சிரித்திருப்பார். அதனால் மாற்றவில்லை.

அக்கா பிறந்தது குன்னத்தூருக்குப் பக்கத்தில், மழையை நம்பிய கொஞ்சம் மேட்டுக்காடு இருந்த குடும்பத்தில். நான் நடை பழகும் முன்பே அம்மா போய்விட்டார். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறாக்கக் கற்றவர் அக்கா. மழை ஏமாற்றியதும் அப்பா எங்களைத் திருப்பூருக்குக் கூட்டி வந்தார். அக்கா பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே டெய்லர் ஆனார். புதிதாக வந்த பெண் தைத்தது கோணலாகிவிட்டால், மாஸ்டர் கண்ணில் படுவதற்குள் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். என்னைப் படிக்க வைத்தார். நான் படிக்கவில்லை, அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது, மாமா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார், குழந்தைகள் இல்லை. அதன்பின் எங்களோடுதான் இருந்தார்.

நெருப்பெரிச்சலில் நான் வீடு கட்டினேன். எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவன் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: கீழே கம்பெனிக்கு வாடகை விட, மேலே நாங்கள் குடியிருக்க. படிக்கட்டு இடத்தைத் தின்கிறது என்று அதை ஏணி மாதிரி செங்குத்தாகக் கட்டச் சொன்ன மேதையும் நான்தான். அந்தப் படியில் அக்கா தண்ணீர்க் குடத்தோடு ஏறியிருக்கிறார். பிறகு கையை வீசிக்கொண்டு ஏறினார். பிறகு பாதியில் உட்கார்ந்து ஏறினார். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மருத்துவர், “இனிமேல் படி ஏறவே கூடாது” என்றார். நான் அதை, இனிமேல் படி இறங்கவே கூடாது என்று நடைமுறைப்படுத்தினேன்.

அக்காவின் உலகம் ஒரு கட்டில், ஒரு கம்பி போட்ட சன்னல், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி என்று ஆனது. கம்பெனி வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டால், “ஷிப்ட்டு உட்டுட்டாங்களாட்டிருக்குது” என்பார். தெருவில் யாரோ சிரித்தால், யார் என்று கேட்பார். எங்களுக்கும் தெரியாது.

“ஏஞ்சாமி, ஒருக்கா கீழ போயிட்டு வரோணும்டா.”

“எதுக்குங்க்கா? என்ன வேணுமோ சொல்லுங்க, வாங்கியாறேன்.”

“தெருவு வேணும். வாங்கியா பாக்கலாம்.”

நான் வாங்கி வந்தது ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் துணி. வீட்டில் அடைந்து கிடப்பவர்களுக்குக் கைவேலை நல்லது என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். எளிய கைவினை, புதியவர்களும் செய்யலாம் என்று அதில் ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். அக்கா மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஆயுசு பூரா இந்தத் துணியோட மல்லுக்கட்டிட்டுத்தான்டா படுத்திருக்கறேன். சாகற வரைக்கும் விடாதா இது?”

அக்கா தொடவே இல்லை. மூட்டையை வீணாக்கக் கூடாதே என்று நான் உட்கார்ந்தேன். புதியவன் என்றால் நான்தான் புதியவன். பனியன் கம்பெனி பேக்கிங் செக்‌ஷனில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. நூல் சுற்றி வரும் காகிதக் கோன்களுக்கு வண்ணம் அடித்துப் பேனா வைக்கும் கூடு செய்தேன். அக்கா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாட்டுக் கொம்புல மாட்டறதுக்குங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார். உடைந்த பட்டன்களை அட்டையில் ஒட்டி மயில் செய்தேன். அதைக் கோழி என்றார். செய்ததையெல்லாம் அவர் படுத்தபடியே பார்க்க வசதியாகச் சுவரில் மாட்டினேன். அறையில் இருந்த கொஞ்ச இடமும் போனது. அக்கா கீழே போவதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் நான் இன்னொன்று செய்தேன்.

மிதியடி எனக்குப் பிடித்துப்போனது. துணியை நீள நாடாவாக வெட்டி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் தானே சுருண்டு கயிறாகிவிடும். மூன்று கயிற்றை எதிலாவது கட்டிக்கொண்டு சடை பின்ன வேண்டும். பிறகு சடையை வட்டமாகச் சுற்றித் தைக்க வேண்டும். நான் கட்டில் காலில் கட்டினேன். ஏற்கெனவே கட்டியிருக்கிறதே என்று அங்கேயே சுற்றி, அங்கேயே தைத்தேன். இறுக்கமாகத் தைக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். முடித்துப் பார்த்தால், மிதியடியின் நடுவில் கட்டில் கால் நின்றுகொண்டிருந்தது.

“அறுத்து எடுங்க” என்றாள் மனைவி.

“அறுக்கறதா? நாலு நாளா பின்னுனது!” என்று அக்கா பக்கம் திரும்பினேன்.

“அக்கா, கொஞ்சம் எந்திரிங்க. கட்டிலைத் தூக்கோணும்” என்றேன்.

அக்கா கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு வசதியாகச் சாய்ந்தார். “என்னால முடியாது சாமி. தூக்கறதா இருந்தா என்னையோட சேத்துத் தூக்கு.”

பக்கத்து லைன் வீட்டில் குடியிருக்கும் செல்வியைக் கூப்பிட்டோம். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஓவர்லாக் டெய்லர். அக்காவுக்குத் தினமும் பேச்சுத்துணை. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவரும் என் மனைவியும் கால்மாட்டைப் பிடித்துத் தூக்கினார்கள். அக்கா மேலே எழும்பினார். நான் மிதியடியை உருவினேன்.

“தூக்கியாச்சுல்லா?” என்றார் செல்வி, மூச்சு வாங்க.

“ஏன்டா” என்றார் அக்கா. சிரிப்பு நின்றிருந்தது. “மிதியடிக்காக என்னையத் தூக்க முடியுது. எனக்காக ஒருக்காத் தூக்க முடியாதா?”

மறுநாளே கம்பெனியில் தூக்க ஆள் கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் செக்‌ஷனில் வேலை செய்யும் ஒடிசாக்காரர்கள் இருவர் வந்தார்கள். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் கட்டி, “மாஜி, டைட்டா புடிங்க” என்று சொல்லித் தூக்கினார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டது. நான் கட்டிய படி அல்லவா. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கீழே வந்த பிறகுதான் திறந்தார்.

பேக்கரி வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார். “ரோடு போட்டுட்டாங்களாடா?” என்று கேட்டார். “போட்டு, தோண்டி, திரும்பப் போட்டு, திரும்பத் தோண்டியாச்சுங்க்கா” என்றேன். கடைக்குப் போகிற பெண்களையெல்லாம் நிறுத்தி எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று விசாரித்தார். அந்த முகத்தை நான் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. வெயில் ஏறியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

“போலாங்களாக்கா?”

“இன்னுங் கொஞ்ச நேரம் சாமி.”

“அடுத்த வாரம் வரலாங்க.”

அடுத்த வாரம் கம்பெனியில் ஷிப்மென்ட், சரக்கு அனுப்புகிற அவசரத்தில் ஞாயிறும் வேலை. அதற்கடுத்த வாரம் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அக்கா அதன்பின் கேட்கவில்லை. கேட்காததை நான் மன நிறைவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு மூட்டை துணி வாங்கினேன். ஒரு காலை, காபியைக் குடித்து, டம்ளரை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். அப்படியே போய்விட்டார்.

அக்காவை இரண்டாவது முறை கீழே இறக்கியவர்களும் அதே இருவர்தான். அவர்களுக்கும், நேரம் பார்க்காமல் வந்த மருத்துவருக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டுக்குச் சோறாக்கிப் போட்ட லைன் வீட்டுக்காரர்களுக்கும், குன்னத்தூரிலிருந்து வந்து உடனிருந்த பங்காளிகளுக்கும், அக்காவோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து தைத்த தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது.

மீதமிருந்த துணியை, மிதியடி பின்ன ஆசைப்பட்ட லைன் வீட்டுப் பெண்களுக்கே கொடுத்துவிட்டோம். அக்கா படுத்திருந்தபோதே கீழே வாடகைக்கு இருந்த தையல் யூனிட் காலி செய்து போனது; அதிலிருந்து அந்த மூட்டைகள் அங்கேதான் கிடந்தன. செல்விதான் முதலில் எடுக்க வந்தார். கதவைத் திறந்துவிட்டேன். அவர் மூட்டையைத் தொடவில்லை. வாசலிலேயே நின்று உள்ளே சுற்றிப் பார்த்தார்.

“ஃபேன் இருக்கு. பாத்ரூம் இருக்கு. சன்னலத் திறந்தா தெரு இருக்கு” என்றார். “அக்காவ மேல அடைச்சு வச்சிட்டு, துணி மூட்டையவா அண்ணாச்சி இங்கன குடி வச்சிருந்தீய?”